படம் இல்லாத பாட்டு

நான் எழுதி மெட்டமைத்த பாட்டை ஒருவர் முதல் தடவை கேட்கும்போது, பல்லவி முடிவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும்: "எந்தப் படம்?"

நான் சொல்லிப் பார்த்த பதில்களையும் கிடைத்த மறுமொழிகளையும் வரிசையாகத் தருகிறேன். "படம் எதுவும் இல்லீங்க" என்றால், "அப்ப சாமிப் பாட்டா?" "தனிப்பாட்டுங்க" என்றால், "கட்சிக்காரங்க போட்டதா?" "சும்மா பாட்டுத்தாங்க" என்றால் ஒரு சந்தேகப் பார்வை. துணிந்து "பாப்" என்று சொன்ன அன்று, உரக்கடையில் நின்றிருந்த ஒருவர் என் மேல் இரக்கப்பட்டு, "பரவால்ல அம்மிணி, மனச உட்றாத. ஏதாச்சும் ஒரு படத்துல சேத்திப் போடுவாங்க" என்று ஆறுதல் சொன்னார்.

எனக்கு ஆறுதல் தேவைப்படவில்லை. பாட்டு நன்றாகத்தான் இருந்தது.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே எங்கள் வயல். அப்பா நெல் போடுகிறார். வார நாட்களில் பாலக்காட்டில் ஒரு கடையில் ஆம்ப்ளிஃபையர், மிக்சர், ஸ்பீக்கர் பழுது பார்க்கிறேன். விழாக் காலத்தில் ஒரு கானமேளா குழுவுக்கு ஒலி அமைப்பு. கானமேளா என்றால் கீபோர்டு, டிரம்ஸ், கிடார், தபேலா என்று ஒரு பட்டாளத்தோடு மேடையேறிச் சினிமாப் பாட்டுகளைப் பாடுவது. எங்கள் பக்கத்தில் தமிழும் மலையாளமும் பாதிக்குப் பாதி. மேடைக்கு எதிரே, கூட்டத்துக்கு நடுவில், மூங்கில் கட்டிய ஒரு சதுரத்துக்குள், ஒலிகளைக் கலக்கும் மிக்சரோடு நான் உட்கார்ந்திருப்பேன். அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, காணாமல் போன பிள்ளைகளைப் பற்றி அறிவிக்கும் இடம் என்று நினைத்துக்கொண்டு, அழுகிற பிள்ளைகளை என்னிடம் கொண்டுவந்து விட்டுப் போகிறவர்கள் உண்டு. ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் எக்கோ ஏற்றியிருக்கிறேன்.

கானமேளாவுக்கு எழுதாத சட்டங்கள் பல. முதல் பாட்டு சாமிப் பாட்டாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு சோகம், கடைசியில் குத்து. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், படத்தின் பெயரைச் சொல்லாமல் பாட்டைத் தொடங்கக்கூடாது என்பது. எங்கள் குழுவில் முதலாளியே அறிவிப்பாளர். அவர் படப் பெயரைச் சொல்வது ஒரு தனிக் கலை. "படம்..." என்று இழுத்து நிறுத்துவார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பெயர் விழுந்ததும் விசில் எழும். அந்த விசில் அடங்கும் நேரம் பார்த்துக் கீபோர்டுக்காரருக்குக் கண் காட்டுவார். அந்த விசிலில் பாதி, பாட்டுக்கு இல்லை என்பது என் எண்ணம். படத்தை எந்தத் தியேட்டரில், யாரோடு பார்த்தோம் என்ற நினைவுக்கு விழுகிற விசில் அது.

படம்தான் பாட்டுக்கு ஆதார் கார்டு. அது இல்லாமல் வருகிற பாட்டை எல்லா வாசலிலும் நிறுத்தி விசாரிக்கிறார்கள்.

பாப் இசை எப்படி வளர்ந்தது, எதனால் ஆனது என்று நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த மூங்கில் சதுரத்துக்குள் உட்கார்ந்துதான். பழைய பாட்டுக்கு நீளமான முன்னிசை உண்டு. வயலின்கள் மெல்ல ஏறி வரும்போதே ஐம்பது வயதுக்காரர்கள் கண்ணைத் துடைப்பார்கள். புதிய பாட்டுக்கு முன்னிசையே கிடையாது. எடுத்தவுடன், காதைப் பிடித்து இழுக்கும் கொக்கியைப் போட்டுவிடும். கட்டைவிரல் ஒரு தள்ளுத் தள்ளினால் போனில் பாட்டு போய்விடும் என்பதால் அது வாசலிலேயே வந்து நிற்கக் கற்றுக்கொண்டது. அதைத் தரக்குறைவு என்கிறார்கள். "இப்ப வர்றதெல்லாம் பாட்டா? மெஷினு பாடுது" என்று என் சதுரத்தின் மேல் சாய்ந்துகொண்டு சொல்லாதவர்கள் கிடையாது. மைக்கும் மெஷின்தான் என்று நான் சொல்வேன். மைக் வராத காலத்தில் வயல் நிறைய இருக்கிற கூட்டத்துக்குக் கேட்கும்படி யாராலும் முணுமுணுக்க முடிந்திருக்காது, கத்தத்தான் முடியும். ஒரு பெண் காதோரம் பேசுகிற மாதிரிப் பாடி அதை ஊரே கேட்கலாம் என்று ஆனது கம்பியாலும் மின்சாரத்தாலும்தான். அந்தக் குரலுக்கு அழுதவர்கள் இந்தக் குரலை மெஷின் என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

என் பாட்டு அப்பாவின் போன் பேச்சிலிருந்து வந்தது. எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் வாய்க்கால் வழியாகக் கிழக்கேயிருந்து வர வேண்டும். திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்த நேரத்திலிருந்து எல்லா வீட்டுப் போனிலும் ஒரே பேச்சு. மேல் வயல்காரருக்கு அப்பா போன் அடிப்பார்: "ஏனுங் மாப்ள, அங்க வந்துருச்சுங்களா?" கீழ் வயல்காரர் அப்பாவுக்கு அடிப்பார். அப்பா சொல்வார்: "இல்லீங், இன்னும் வரலீங். வந்தா ஒரு போனு போடறனுங்." நாள் முழுக்க இதுதான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டபோது, "வந்துருச்சா" ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துக்கு ஏறுவதும், "வரலீங்" ஒரே இடத்தில் இறங்குவதும் காதில் பட்டது. மூன்று சுரம். கொக்கி தயாராகவே இருந்தது. அதைச் சுற்றி, யாருடைய செய்திக்கோ காத்திருக்கிற ஒரு பெண்ணை வைத்துச் சரணங்கள் எழுதினேன்.

பதிவு எங்கள் மோட்டார் அறையில். தடித்த சுவர், ஒற்றைக் கதவு, எதிரொலியைக் குடிக்க நெல் மூட்டைகள். ஒரே தொல்லை, மோட்டார் ஓடும்போது எழும் ஐம்பது ஹெர்ட்ஸ் இரைச்சல். முதலில் அதை வடிகட்டப் பார்த்தேன். பிறகு அளந்து பார்த்தால், மேற்கத்திய சுரத்தில் ஜி-க்குச் சற்று மேலே நிற்கிறது. பாட்டு முழுவதையும் அந்தச் 'சற்று' அளவுக்குத் தூக்கி வைத்து, இரைச்சலை அப்படியே அடியில் ஓடவிட்டேன். சுருதிப் பெட்டிக்கு மின்சார வாரியம் பொறுப்பு.

பாடியவள் கல்பாத்தியிலிருந்து வருகிற என் தோழி. என்னோடு படித்தவள். வங்கியில் வேலை, சிறு வயதிலிருந்து கச்சேரிப் பாட்டு பயின்றவள், விடுமுறை நாட்களில் எங்கள் குழுவில் பாடுகிறாள். மோட்டார் அறையில் மூட்டை மேல் உட்கார்ந்து நான் எழுதியதைப் படித்தாள்.

"ஏண்டி, இதுல மொத்தமே மூணு ஸ்வரந்தானே இருக்கு? நேக்கு இங்க என்ன ஜோலி?"

"மூணையும் நேரா நிக்க வைக்கோணும். அதுதான் ஜோலி."

"துளி கமகம் போட்டு அசைச்சுக்கறேனே?"

"அசைச்சீன்னா கரை ஒடைஞ்சுரும்."

"உங்கப்பா போன்ல பேசறாப்பலயே பாடணுமாக்கும்! எங்காத்துல கேட்டா, இத்தனை வருஷம் பாட்டுக் கத்துண்டது தண்ணி வந்துடுத்தான்னு கேக்கறதுக்கான்னு கேப்பா."

பழக்க தோஷத்தில் அவள் முதலில் "வந்துடுத்தா" என்றே பாடினாள். இருவரும் சிரித்துச் சிரித்து ஒரு டேக் வீணானது. அசையாமல் நிற்பது அவளுக்கு எந்த ஆலாபனையை விடவும் கடினமாக இருந்தது. சாயங்காலம் ஆவதற்குள் குரல் நேராக நின்றது.

மேடைக்கு அது வந்தது ஒரு தற்செயல். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. ஆண் பாடகர் வந்த வண்டி வழியில் நின்றுபோனது. இடத்தை நிரப்ப ஒரு பாட்டு வேண்டும். தோழி முதலாளியிடம் தன்னிடம் புதிய பாட்டு இருக்கிறது என்றாள். கீபோர்டுக்காரருக்கு ஏற்கெனவே தெரியும் என்றாள். முதலாளி வேறெதையும் கேட்காமல் மைக்கைப் பிடித்தார்.

"அடுத்ததா, நீங்க எல்லாரும் ரொம்ப நாளா எதிர்பாத்துட்டிருக்கற பாட்டு. படம்..."

இழுத்தார். வழக்கத்தை விடக் கொஞ்சம் அதிகமாக இழுத்தார். தோழியைப் பார்த்தார், அவள் இல்லை என்று தலையசைத்தாள். கூட்டம் காத்திருந்தது. வாய் திறந்தபடி பந்தலையும் வாழை மரத்தையும் பார்த்தவர், திடீரென்று முகம் மலர்ந்து முழங்கினார்: "கிழக்கத்திக் கிளி!"

பின்வரிசையில் ஒருவர் விசிலடித்தார்.

பாட்டு போனது. மூன்றாவது "வந்துருச்சா"வுக்குப் பந்தலின் கடைசியிலிருந்து ஒரு ஆண் குரல் "வரலீங்!" என்று பதில் கொடுத்தது. சிரிப்பு. அடுத்த தடவை ஒரு வரிசை முழுக்கப் பதில் சொன்னது. அதற்கடுத்து, பந்திக்குப் போனவர்கள் கூட இலையை விட்டு எழுந்து வந்து பதில் சொன்னார்கள். என் மீட்டரில் கூட்டத்தின் சத்தம் மேடையின் சத்தத்தைத் தாண்டியது. பாப் என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் அதுதான்: கேட்பவர்கள் அனுமதி கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிற பாட்டு.

முடிந்ததும் நான் முதலாளியிடம் போனேன். "ஏனுங்ணா, இல்லாத படத்துக்குப் பேரு வெச்சுட்டீங்களே?"

"வாய்ல 'படம்'னு வந்துருச்சு அம்மிணி. பாதில எறங்கறதுக்கு அதென்ன டவுன் பஸ்ஸா?"

"அந்தாளு எதுக்கு விசிலடிச்சாருங்?"

"அத அவரத்தான் கேக்கோணும்."

அன்றே இதைத் திருத்தியிருக்கலாம் என்று பிறகு பலர் என்னிடம் சொன்னார்கள். ஒரு வரவேற்புப் பந்தலில் சொன்ன பொய் பந்தலோடு பிரிக்கப்பட்டுவிடும் என்று நான் நினைத்தேன். யாரோ போனில் எடுத்த துண்டு பரவியது. அடுத்தடுத்த மேடைகளில் "கிழக்கத்திக் கிளி பாட்டு" என்று நேயர் விருப்பச் சீட்டு வந்தது. வேறு குழுக்கள் பாடின. பீர்மேட்டில் ஒரு தேயிலைத் தோட்ட விழாவின் வீடியோவைத் தோழி அனுப்பினாள். அங்கே அறிவிப்பாளர், "பழைய படம்லா, பெரியவுக எல்லாரும் பாத்திருப்பீக!" என்று கேட்க, கூட்டம் "ஆமா" என்று கத்தியது.

பிறகு ஒருநாள் அப்பா பால் சொசைட்டியிலிருந்து வந்து, முகத்தை மிகவும் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏனம்மிணி, அந்தப் படத்துல கடேசில அந்தப் புள்ள வாய்க்கால்ல உளுந்து செத்துப் போறாளாமா?"

"ஆருங்ப்பா சொன்னது?"

"சொசைட்டில ஒருத்தரு. சின்ன வயசுல டாக்கீஸ்ல பாத்தாராமா. ஹீரோ ஜீப்பு ஓட்டறவனாமா. எடைவேளை வரைக்கும் நல்லாப் போகுமாமா."

"அப்பா! அது உங்க போனு பேச்சு. நம்ம மோட்டார் ரூம்ல எடுத்தது."

"எனக்குத் தெரியாதா கண்ணு? ஆனா அந்தாளு கண்ணுல தண்ணி உட்டுச் சொல்லிட்டிருந்தாரு. நான் எப்படிக் குறுக்க பேசறது?"

அதுவரை எனக்குச் சிரிப்பு இருந்தது. மோட்டார் அறையில் எடுத்த பதிவை என் பெயரில் இணையத்தில் ஏற்றிய பிறகு அது போய்விட்டது. கீழே வந்த கருத்துகளில் சில: எண்பதுகளின் இசையைக் கெடுக்காதீர்கள். பழைய பாடகியின் உயிர் இதில் இல்லை. பின்னால் என்ன இரைச்சல், முறையாகப் பதிவு செய்யத் தெரியாதா. அவற்றுக்கு நடுவில், பலர் விரும்பியதால் மேலே ஏறி நின்ற ஒரே சொல்: திருடி.

என் பாட்டை நானே திருடியதாகச் சொல்கிறார்கள். இல்லாத ஒரு படத்திடமிருந்து.

"விட்டுடேன்டி," என்றாள் தோழி. "பாட்டு நன்னா ஓடிண்டிருக்கு. அது போறாதா?"

போதாது. வாயைத் திறந்து பேசாவிட்டால் இந்தப் பாட்டு இனி ஒருபோதும் என்னுடையதாகாது. நான் எழுதப்போகும் அடுத்த பாட்டுக்கும் யாராவது ஒரு படத்தைத் தேடிக் கொடுத்துவிடுவார்கள். நிகழ்ச்சிப் பட்டியலில் அடுத்து இருந்தது எங்கள் ஊர்ப் பக்கத்து ஆர்ட்ஸ் கிளப்பின் ஆண்டு விழா. நோட்டீசில் "கிழக்கத்திக் கிளி புகழ்" என்று எங்கள் குழுவின் பெயருக்கு மேலேயே அச்சடித்திருந்தார்கள். நான் முதலாளியிடம் போய், இந்த மேடையில் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகவே விளக்கினார். "படத்துப் பாட்டுன்னாத்தான் அம்மிணி மருவாதி. நீ எழுதுனதுன்னு சொன்னா, 'ஓ, நம்ம பக்கத்தூட்டுப் புள்ள எழுதுனதா'ன்னு எந்திரிச்சு டீ குடிக்கப் போயிருவாங்க."

"போகட்டுங்ணா. டீ குடிச்சுட்டு வரட்டும்."

"கமிட்டிக்காரங்க கிளிக்குத்தான் புக் பண்ணியிருக்காங்க. கிளி இல்லீன்னா என்ன சொல்லுவாங்க?"

"கிளி எப்பவுமே இல்லீங்களே."

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "நான் எப்பவும் சொல்றபடிதான் சொல்லுவேன். பாட்டுக் கெடக்குது. நீ சவுண்டப் பாரு."

சரி என்றேன். சவுண்டைப் பார்ப்பது என் வேலை.

அறுப்பு முடிந்த வயலில் மேடை. வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. மேடையேறும் முன் தோழி என் சதுரத்துக்கு வந்தாள். "நீ என்ன பண்ணப்போறேன்னு நான் கேக்கலை. நேக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா நீ முடிக்கற வரைக்கும் நான் வாயைத் தொறக்க மாட்டேன். மனசிலாச்சோ?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒலி அமைப்பவரிடம் மேடையோடு பேச ஒரு சிறிய மைக் உண்டு. வாத்தியக்காரர்களின் காதுக்கு மட்டும் போகும், கூட்டத்துக்குக் கேட்காது. நான் அதைப் பெரிய ஸ்பீக்கர்களுக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தேன்.

முறை வந்தது. முதலாளி முன்னால் வந்து ஒரு கையை உயர்த்தினார். "அடுத்ததா, நீங்க காத்திட்டிருந்த பாட்டு. படம்..."

அவர் இழுத்து நிறுத்திய அந்த இடத்தில் அவருடைய மைக்கின் ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடரை மெதுவாகக் கீழே இறக்கினேன். உதடு அசைந்தது, ஒலி வரவில்லை. அறிவிப்பாளரின் குரலை அடைப்பது தொழிலில் பெரிய குற்றம். தெரிந்தேதான் செய்தேன்.

"படம் இல்லீங்க," என்றேன். என் குரல் வயல் முழுக்கக் கேட்டது. தலைகள் மேடையைப் பார்த்தன, பிறகு என் பக்கம் திரும்பின. "கிழக்கத்திக் கிளின்னு ஒரு படம் எப்பவும் வரலீங்க. இந்தப் பாட்ட நான் எழுதுனேன். நான்தான் மெட்டுப் போட்டேன். எங்க மோட்டார் ரூம்ல எடுத்தோம். வாய்க்கால் தண்ணிக்கு எங்கப்பா போனு பேசறதுதான் பாட்டு."

வலது பக்கம், முன் நாற்காலிகளிலிருந்து ஒருவர் எழுந்தார். "ஏனம்மிணி, நான் அந்தப் படத்தப் பாத்திருக்கறேன்."

"எங்கீங்க பாத்தீங்க?"

"டாக்கீஸ்ல."

"கடேசில என்ன ஆகுமுங்?"

"அந்தப் புள்ள வாய்க்கால்ல..." அவர் நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவர் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, "உக்காருய்யா, படமே இல்லைன்னு பாட்டெழுதுன புள்ளயே சொல்லுது" என்றார். "அப்ப நான் பாத்தது என்ன படம்?" என்று அவர் உண்மையான கவலையோடு கேட்க, நாலைந்து பேர் நாலைந்து படங்களின் பெயர்களைச் சொன்னார்கள். இடது பக்கத்திலிருந்து ஒரு குரல்: "படமில்லீன்னா எதுக்குய்யா நோட்டீஸு அடிச்சீங்க?" இன்னொன்று: "அட, பாட்ட உடுங்கப்பா!"

தோழிக்குக் கண் காட்டினேன். முன்னிசை கிடையாது. அவள் நேராக "வந்துருச்சா" என்று தொடங்கினாள்.

முதலாளி சொன்னதிலும் உண்மை இருந்தது. சில நாற்காலிகள் காலியாயின. டீக்கடையைச் சுற்றி ஆட்கள் சேர்வதைப் பார்த்தேன். மீட்டரில் கூட்டத்தின் சத்தம் வரவேற்பு அன்று ஏறிய அளவுக்கு ஏறவில்லை. ஆனால் அது வேறு சத்தமாக இருந்தது. இந்தத் தடவை யாரும் இல்லாத படத்தை நினைத்துப் பதில் சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர் நெற்றியைச் சுருக்கி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் "அட, இது எங்க மச்சான் பேசறாப்பலயே இருக்குது" என்றது எனக்கே கேட்டது. பிறகு அவரும் சேர்ந்துகொண்டார். டீயைக் கையில் பிடித்தபடி சிலர் திரும்பி வந்தார்கள். வராதவர்கள் வரவில்லை; அவர்களுக்காக நான் எதையும் மாற்றப்போவதில்லை.

நிகழ்ச்சி முடிந்து கேபிள் சுற்றிக்கொண்டிருந்தேன். முதலாளி வந்து நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், கொஞ்சம் திட்டினார். நாலு பேர் முன்னால் வாயில்லாப் பூச்சியாக நிற்க வைத்துவிட்டேன் என்றார். இனிமேல் மிக்சருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

"சரிங்ணா."

அவர் போகவில்லை. ஒரு கேபிளின் முனையை எடுத்து அவரும் சுற்றத் தொடங்கினார். "அடுத்த வாரம் கொல்லங்கோட்டுல புரோகிராம். அந்தப் பாட்டு இல்லாம மேடையேற முடியாது. பாடிக்கலாமல்ல?"

இத்தனை நாளில் அந்தப் பாட்டைப் பாட என்னிடம் யாராவது கேட்டது அதுவே முதல் தடவை.

"பாடிக்குங்க. ஆனா கிளியச் சொல்லக்கூடாது."

"அப்ப 'படம்'னு இழுக்கற எடத்துல என்னத்தச் சொல்றது?"

"எழுதுனவ பேருங்க. என்ற பேரு. ஊட்டுப் பேரு, ஊர்ப் பேரு சேத்தி."

"அது ரொம்ப நீளமம்மிணி. விசிலு விழுகாது."

"விழுகாட்டிப் போகட்டும். சொல்லாம ஆரம்பிச்சா அடுத்த நாளு கமிட்டி ஆபீஸுக்கு வந்து நான் சொல்லுவேன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, காலி வயலைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார். ஊர்ப் பெயரைச் சரியாகச் சொன்னார். வீட்டுப் பெயரைப் பாதியில் விழுங்கினார்.

"இன்னொருக்காச் சொல்லுங்ணா," என்றேன்.

சொன்னார்.